அம்மா சேலையில் ஒரு முழம்

எங்கள் பழவேற்காட்டுக் குப்பத்தில் படிப்பகம் கட்டியபோது, குப்பத்தையே ஒட்டுப்படமாகச் செய்து சுவரில் மாட்ட கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒருவர் வந்தார். எழுத்து தெரியாத எனக்கு, படம் வருகிறதென்றால் குஷிதானே! அவர் நகமெல்லாம் பசை காய்ந்து மீன் செதிள் மாதிரி இருக்கும். எந்தத் துணியையும் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத்தான் கிழிப்பார். வீடு வீடாகக் கிழிந்த வலை, தீப்பெட்டி அட்டை, தகரம் என்று வாங்கினார். என் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்பைக் கொடுத்தார். இன்னொன்றை வைத்துக்கொண்டு என்ன செய்தாரோ!

"பொழுது சாயற வானத்துக்குச் செவப்பு வேணும். உன்கிட்ட எதுனா இருக்குதாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

செத்துப்போன என் அம்மாவின் கல்யாணச் சேலையில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தேன்.

திறப்பு விழாவில் பார்த்தால், எங்கள் இறாலை அடிமாட்டு விலைக்கு வாங்கும் முதலாளி படத்தின் நடுவில் நிற்கிறார். அவர் தலைப்பாகைதான் அம்மாவின் சேலை! நிஜ முதலாளி கீழே நாற்காலியில் இளித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது? எங்கம்மா பொடவைய இந்தாளு தலையிலியா சுத்துனே?"

"படிப்பகத்துக்கு எடம் குடுத்தவரும்மா. வானத்த யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்யா!" என்று பிடித்து இழுத்தேன். மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. படத்து முதலாளி மொட்டையாக நின்றார். குப்பமே சிரித்தது.

ஏமாற்றி வாங்கினாரே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தப் படக்காரர் வருஷாவருஷம் வந்து, காற்றில் பிய்ந்ததையெல்லாம் ஒட்டிவிட்டுப் போவார். அந்த மொட்டைத் தலையில் மட்டும் ஒரு துணுக்குக்கூட ஒட்டியதில்லை.