பெட்டிக்குள் அடித்த போன்

போன ஐப்பசியில் நடந்தது இது. கோவையில் தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில், செம்புக் கம்பி சுற்றும் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் எல்லோரும் பெண்கள்தான். காலையில் உள்ளே நுழையும்போதே செல்போனை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். வேலை முடிந்து போகும்போதுதான் கையில் கிடைக்கும். வீட்டில் அவசரம் என்றால் ஆபீஸுக்குக் கூப்பிடுவார்கள், அங்கிருந்து வந்து சொல்வார்கள் என்பது ஏற்பாடு.

எங்கள் மேனேஜரைப் பற்றி வெளியில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். ஊழியர்களின் மனசைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து, அதில் வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

அன்று லோடு ஒன்று கிளம்ப வேண்டியிருந்தது. என் பக்கத்து மேஜையில் வேலை பார்ப்பவள் பொள்ளாச்சிக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். காலையில் டீ நேரம் முடிந்ததும் மேனேஜர் அவளிடம் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, இன்னைக்கு உங்க கையை நம்பித்தானுங்க இருக்கறேன். கொஞ்சம் பாத்து முடிச்சுக் குடுத்துருங்க" என்று சிரித்தார். அவளும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டு வந்து சுற்றினாள்.

சாயங்காலம் பெட்டியிலிருந்து போனை எடுத்தால், அவள் அண்ணனிடமிருந்து வரிசையாக அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டாள். அப்பா மதியமே போய்விட்டார். காலையில் நெஞ்சுவலி என்று பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நினைவோடுதான் இருந்தாராம். மகளைப் பார்க்க வேண்டும் என்றாராம்.

"ஆபீஸுக்குக் கூப்பிட்டு அப்பவே சொல்லிப்போட்டனே கண்ணு, உன்றகிட்ட யாருமே சொல்லலியா?" என்று அண்ணன் அலறியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

போன் எடுத்த ஆபீஸ் பெண்ணைப் பிடித்து உலுக்கினேன். அவள் அழுதுவிட்டாள். "டீ நேரத்துலயே போன் வந்துச்சு, சார்கிட்ட உடனே சொன்னனுங்கக்கா. நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்னு போனாருங்க."

அப்படியானால் அந்தாள் அவள் மேஜைக்கு வந்து நின்றபோது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொள்ளாச்சி என்ன கடல் கடந்தா இருக்கிறது? உக்கடத்தில் பஸ் ஏறியிருந்தால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்திருப்பாளே!

நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.  கிணத்துக்கடவு தாண்டும்போது, "காலைலயே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, எடுப்பதற்குக் கொஞ்சம் முன்பு, பெரிய மாலையோடு மேனேஜர் காரில் வந்து இறங்கினார். துக்க வீட்டிலும் அதே குழைவு. "மனசைத் தேத்திக்குங்க அம்மணி. உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுத்தானுங்க சொல்லல. வேலை முடிஞ்சு நிம்மதியாப் போவீங்கன்னு..."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் நிமிர்ந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை. "எங்கப்பா கடைசி வரைக்கும் கதவையே பாத்துட்டு, 'அம்மணி வந்துருச்சா'ன்னு கேட்டாருங்களாமா. அவருக்கு நான் என்னங்க பதில் சொல்றது? லோடு போயிருச்சுன்னு சொல்லட்டுங்களா?"

மேனேஜர் மாலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அத்தனை மரியாதையாகப் பேசும் அந்த வாயில், செய்தது தப்பு என்ற ஒரு வார்த்தை மட்டும் வரவேயில்லை.

அடுத்து வேலைக்குப் போன அன்று நாங்கள் ஒருத்தியும் பெட்டியில் போனைப் போடவில்லை. முதலாளி வரும்வரை வாசலிலேயே நின்றோம். இப்போது போன் எங்கள் மேஜையில்தான் இருக்கிறது. மேனேஜரும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார், சான்றிதழும் அதே சுவரில். அவர் என்னிடம் வந்து, "சாப்ட்டீங்களாங்க?" என்று விசாரிக்கும்போதெல்லாம், பூட்டிய பெட்டிக்குள் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டிருந்த அந்தப் போன்தான் என் காதில் கேட்கிறது. என் கோபம் இன்னும் ஆறவில்லை, அது ஆறவும் வேண்டாம்.