படியில் மிஞ்சிய புளியங்கொட்டை

பி.எஸ்ஸி. முடிக்கும்வரை கணக்கில் என்னை யாரும் முந்தியதில்லை. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். அதை அடக்குவதற்கென்றே, நான் விண்ணப்பித்திருந்த சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே நேர்முகத் தேர்வுக் கடிதமும் ஸ்டென்சில் வெட்டி நகலெடுத்த ஒன்பது பக்கத் தாள்களும் இருந்தன. கம்ப்யூட்டர் என்ற இயந்திரத்துக்கு வேலை சொல்லப் பழக்குவார்களாம். தேறினால் அங்கேயே வேலையாம். தாள்களைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அறுபதுகளின் நடுப்பகுதி அது. அந்த இயந்திரத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரைக்கூடத் திண்டுக்கல்லில் எனக்குத் தெரியாது.

படித்தேன். மெமரி, கண்ட்ரோல், அக்குமுலேட்டர் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் அர்த்தம் இருந்தது; எல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதுதான் விளங்கவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். அப்படியொரு ஆசை அதற்கு முன் எதன் மேலும் எனக்கு வந்ததில்லை. இருந்ததோ பத்து நாள். ஐந்து நாள் மனப்பாடம் செய்து பார்த்தேன். ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், தாள்களைச் சுவரில் விட்டெறிந்தேன்.

ரயில்வேயில் வண்டிகளுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த சித்தப்பா அப்போது எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலடியில் விழுந்த தாளை எடுத்துப் பார்த்தார். கட்டம் கட்டமாக, அம்புக்குறி போட்ட படம்.

"ஏத்தா, இது எங்க யார்டு படமாட்டம்ல இருக்கு! எது முன்ன போகணும், எது பின்ன போகணும்னு ஒருத்தன் சொல்லணுமே, அவன் யாரு?"

"கண்ட்ரோல்."

"அப்ப அது நாந்தான்" என்று கை கழுவ எழுந்தார்.

எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. ஒன்பது டம்ளர்களைத் தரையில் வரிசையாக வைத்துச் சாக்பீஸால் எண் போட்டேன். அதுதான் மெமரி. வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த அப்பாவை அதற்குக் காவலாக உட்கார வைத்தேன். கூட்டிச் சேர்க்கும் இடம், அதாவது அக்குமுலேட்டர், அம்மா. அரிசி அளக்கும் படியும் அதில் அள்ளி வந்த ஒரு குவியல் புளியங்கொட்டையும் அவளிடம்.

முதல் ஐந்து டம்ளர்களில் கட்டளைச் சீட்டுகள்: படியைக் காலி செய்; ஆறாம் டம்ளரில் உள்ளதைச் சேர்; ஏழாம் டம்ளரில் உள்ளதைச் சேர்; படியில் இருப்பதை எண்ணி எட்டில் எழுதிப் போடு; நில். ஆறில் இருபது என்று ஒரு சீட்டு, ஏழில் பதினைந்து என்று ஒரு சீட்டு. சித்தப்பா நம்பர் சொல்ல, அப்பா அந்தச் சீட்டைப் படித்துவிட்டுத் திரும்பவும் டம்ளரிலேயே போட, அம்மா கொட்டைகளை எண்ணிப் போட்டாள். விடை முப்பத்தாறு.

மறுபடியும் ஓட்டினோம். முப்பத்தாறு. அப்பா தப்பாகப் படிக்கிறார் என்று அவர்மேல் பாய்ந்தேன். சித்தப்பா அவசரப்படுகிறார் என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் சித்தப்பா. "சீட்டு வராம எக்ஸ்பிரஸே வந்து ஊளையிட்டாலும் நான் பாயிண்டைத் தொட மாட்டேன். என்னையவா சொல்ற?"

மூன்றும் நாலும் போட்டுப் பார்த்தேன். எட்டு. எப்போதும் ஒன்று அதிகம். கோபம் போய் எனக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. அம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினேன். "படியைக் காலி செய்" என்று சீட்டு வந்தது. அம்மா படியைச் சரித்துக் கொட்டினாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், கீழே வைத்தாள். அடியில் ஒரு கொட்டை கிடந்தது.

"காலி பண்ணச் சொன்னா ஒண்ணை ஏம்மா விட்ட?"

"அரிசி அளக்குற படிடி. தொடைச்சுக் கவுத்தா குடும்பம் வெளங்குமா? ஒண்ணாச்சும் கெடக்கணும்."

"இது புளியங்கொட்டைம்மா!"

"படி அதே படிதானே?"

விழுந்து விழுந்து சிரித்தேன். அழுகையும் வந்தது. ஒன்பது பக்கமும் அந்த ஒரு கொட்டையில் விளங்கிவிட்டது. அந்த இயந்திரத்துக்குச் சொந்தப் புத்தி கிடையாது. முந்தைய கணக்கில் மிஞ்சியதை நாம் துடைக்கவில்லை என்றால் அதையும் சேர்த்துக் கூட்டி, கூசாமல் விடை சொல்லும். அடுத்த சீட்டு, அடுத்த சீட்டு என்று எடுத்துச் செய்வது ஒன்றே அதன் வேலை.

ஆனால் அம்மா படியைக் காலி செய்யச் சம்மதிக்கவில்லை. அரை மணி நேரம் கெஞ்சினேன். கடைசியில் அந்த ஒற்றைக் கொட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "படி காலியாக் கெடந்தாலும் எங்கிட்ட ஒண்ணு இருக்குல்ல. இப்ப ஓட்டு."

முப்பத்தைந்து. சித்தப்பா ரயில் மாதிரி கூவினார். பிறகு 'நில்' சீட்டை எடுத்துவிட்டு, 'இரண்டாம் டம்ளருக்குத் திரும்பு' என்று எழுதிப் போட்டேன். மூவரும் நிற்க வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தார்கள், அம்மாவின் குவியல் தீரும்வரை. அன்று சோற்றுக்கு வெஞ்சனம் இல்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு டம்ளர் வரிசையைப் பற்றியே பேசித் தீர்த்தோம்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கூட்டலை இயந்திரம் எப்படித் தொடங்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். "முதலில் படியை..." என்று தமிழில் உளறி நாக்கைக் கடித்தேன். நடுவில் இருந்தவர், "என்ன படி? தமிழிலேயே சொல்லுங்க" என்றார். சொன்னேன், டம்ளரிலிருந்து முந்தானை வரைக்கும். மூவரும் சிரித்து முடிக்கச் செத்த நேரம் ஆயிற்று. பிறகு ஒன்பது பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எங்கள் வீட்டுத் தரை கண்ணில் தெரிந்தது.

வேலை கிடைத்தது. திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு மூவரும் வந்தார்கள். அப்பா டிரங்குப் பெட்டியை ஏற்றினார். சித்தப்பா அன்று டூட்டி இல்லாதபோதும் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும் நேரத்தில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தப் புளியங்கொட்டையை ஜன்னல் வழியாக என் கையில் வைத்து மூடினாள்.

"அங்க எல்லாத்தையும் தொடைச்சுக் காலி பண்ணிப்புட்டுத்தானே ஆரம்பிப்பீக? நீ பண்ணு. இது ஒங்கிட்ட இருக்கட்டும்."