பதிவேட்டில் பதினாறு ஓம்

வாங்கிய பொருளைக் கண்ணால் பார்த்து, எண்ணி, அளவை ஒப்பிட்ட பிறகே இருப்புப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது விதி. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்குக் கீழே வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் இந்த விதியை ஒப்பித்திருக்கிறேன். ஒரே ஒரு முறை நானே அதைப் பின்பற்றவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் வாங்கி வந்த ஹோம் தியேட்டர் அதைக் கிளறிவிட்டது.

கூடம் முழுக்கத் தெர்மாகோல் மணிகள். நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்கு ரிசீவர் என்று பெயராம். முதுகில் ‘ஸ்பீக்கர்கள் ஆறு முதல் பதினாறு ஓம் வரை’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. என்னை டார்ச் பிடிக்கச் சொன்னான். ஓய்வு பெற்றவர்களுக்கு வீட்டில் ஒதுக்கப்படும் பணி அதுதான். எங்களிடம் ஏற்கெனவே இருந்த பழைய ஸ்பீக்கர்களையும் இதோடு சேர்க்கப் போகிறானாம்.

“அது எத்தனை ஓம்டா?”

“எட்டுப்பா. நெட்ல போட்டிருக்கு.”

“பின்னாடி திருப்பிப் பாத்தியா?”

“எதுக்கு? அதான் நெட்ல போட்டிருக்கே.”

டார்ச்சை அவன் கையில் கொடுத்துவிட்டு நானே ஸ்பீக்கரைத் தூக்கித் திருப்பினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. எட்டுதான். மகன் சிரித்தான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். “சுகர் டெஸ்ட் எடுத்தீங்களா?” என்று மருமகள் கேட்டாள்.

ஓம் கணக்கு எளிமையானது. ஒலிபெருக்கி மின்சாரத்துக்குக் காட்டுகிற தடைதான் ஓம். ஒரே ஜோடிக் கம்பியில் பக்கம் பக்கமாகக் கட்டக் கட்ட அந்தத் தடை ஏறாது, குறையும். பதினாறு ஓம் ஒலிபெருக்கி நான்கைக் கட்டினால் மொத்தம் நான்கு ஓம். எட்டு ஓம் நான்கைக் கட்டினால் இரண்டு. நான்கைத் தாங்கும் ஆம்ப்ளிஃபையர் இரண்டைத் தாங்காது. சத்தம் குறைவாக இருக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பாடும். கூட்டினால் புகையும். எப்படிப் புகையும் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

எண்பத்து நான்கில் பென்னாகரத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். தகுதிகாண் பருவம் முடியாத காலம். அதாவது, மேசை விசிறி என் பக்கம் திரும்பினால்கூட யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்த காலம். ஒன்றியத்துக்கு ஓர் ஆம்ப்ளிஃபையரும், ஹாரன் என்று சொல்வார்களே, அந்தக் கூம்பு ஒலிபெருக்கிகள் நான்கும் வாங்கினார்கள். பதினாறு ஓம் என்று கொள்முதல் ஆணையில் கேட்டிருந்தோம். ஆணி அடித்த மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. திறக்கச் சோம்பல். ஆணையைப் பார்த்தே ‘பதினாறு ஓம், நான்கு எண்ணம்’ என்று முத்து முத்தாக எழுதிவிட்டேன். கையெழுத்து அழகாக இருந்தால் எழுதியிருப்பதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று அலுவலகங்களில் ஒரு நம்பிக்கை உண்டு.

ஆடிப் பெருக்கன்று ஆற்றங்கரையில் அவற்றை முதன்முதலாகக் கட்டினோம். முந்தின நாளே எங்கள் ஆட்கள் கூம்புகளைக் கம்பங்களின் உச்சியில் ஏற்றிவிட்டார்கள். கம்பி இழுத்து இணைக்க ஜமால் பாய் வந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். மைக் செட்டும் வாடகைக்கு விடுவார். என் வயதுதான். அவர் சட்டையில் எப்போதும் பற்றவைத்த ஈயத்தின் வாசனை இருக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன்.

“சார், ஹாரன் எத்தனை ஓம்முங்க?”

“பதினாறு.”

“பாத்தீங்களா?”

“ரிஜிஸ்டர்ல இருக்கு, பாய்.”

“ரிஜிஸ்டரா சார் பாடப்போவுது? ஒரு நிமிசம் மீட்டர் வெச்சுப் பாத்துடறேனுங்க.”

சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “அப்ப நாங்க எழுதி வெச்சிருக்கறதெல்லாம் பொய்யா?” என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். மீட்டரைத் திரும்பப் பைக்குள் வைத்தார். “நீங்க சொன்னா சரிதானுங்க” என்று ஆம்ப்ளிஃபையரின் நான்கு ஓம் முனையில் கம்பிகளை முறுக்கினார்.

காலை முழுக்க மெல்லிய சத்தத்தில் பாட்டு ஓடியது. மதியத்துக்கு மேல் ஆற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. படிகளில் நூற்றுக்கணக்கானவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மேலே வரச் சொல்லுங்கள் என்று போலீஸ்காரர் ஓடி வந்தார். சத்தத்தை முழுசாகக் கூட்டி அறிவித்தோம். ஒருமுறை சரியாகக் கேட்டது. இரண்டாவது முறை பாதி வாக்கியத்தில் குரல் கரகரத்தது, வார்னிஷ் கருகும் நெடி வந்தது, பெட்டியின் பின்னாலிருந்து ஒரு நூல் புகை எழுந்தது. பிறகு ஆற்றின் இரைச்சல் மட்டும்.

பரிசல்காரர்கள்தான் காப்பாற்றினார்கள். துடுப்பால் பரிசலைத் தட்டிக்கொண்டு, “மேல வாங்க! மேலக்கெ பன்னி!” என்று தமிழிலும் கன்னடத்திலும் கத்திக்கொண்டு கீழே ஓடினார்கள். எல்லாரும் ஏறிவிட்டார்கள். இரண்டு ஜோடிச் செருப்பும் ஒரு பித்தளைச் சொம்பும்தான் போயின. அந்தச் சொம்புக்குப் பதில் வேறு என்னவெல்லாம் போயிருக்கலாம் என்று இப்போதும் சில மத்தியானங்களில் யோசிப்பேன்.

இணைப்புக் கொடுத்தது யார் என்று ஆணையர் கேட்டார். ஜமால். கவனக்குறைவான இணைப்பு என்று எழுதி, ஒன்றிய வேலைகளுக்கு அழைக்கப்படுவோர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். அந்த உத்தரவு தட்டச்சாகி வெளியே வருமுன்பே கல்யாண வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. “அந்தப் பாயி செட்டா? பொகையிற செட்டு நமக்கு வேணாங்க.”

நான்காம் நாள் கூம்புகள் இறங்கி ஸ்டோருக்கு வந்தன. கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றைத் திருப்பினேன். பின்பக்கத் தூசியைக் கட்டை விரலால் துடைத்தேன். 8 என்று தகரத்தில் அழுத்தமாக அடித்திருந்தது. இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். பதிவைச் சிவப்பு மையில் திருத்தி, சுருக்கொப்பம் இட்டு, தவறு என்னுடையது என்று குறிப்பு வைக்க வேண்டும். அதற்குப் பின் வரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் தெரியும். தகுதிகாண் பருவம் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆகவே கடிதம் எழுதினேன். ‘மேற்படி ஒலிபெருக்கிகளின் மின்மறுப்பு அளவு யாது எனத் தெளிவுபடுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று சென்னையில் இருந்த ஒரு பரிசோதனை அலுவலகத்துக்கு. நல்ல கடிதம். ஒரு பிழை கிடையாது.

தன் கம்பிச் சுருளை எடுக்க ஸ்டோருக்குள் போய் வந்த ஜமால் பாய் என் மேசை முன் நின்றார்.

“ஹாரன் எத்தனை ஓம்னு நீங்க ஒரு வரி எழுதுனா போதுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்.”

“விளக்கம் கேட்டு எழுதியிருக்கேன், பாய். பதில் வரட்டும்.”

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி ஷகிலா வந்தார். “தகரத்துல அடிச்சிருக்குமாமே? திருப்பிப் பாத்தா தெரியாதுங்களா?”

“அதிகாரபூர்வமா தெரியணும்மா.”

“அப்ப அதிகாரபூர்வமாத் திருப்புங்க.”

பக்கத்து மேசைக்காரர் இருமுவதுபோல் சிரித்தார்.

பதில் வரவில்லை. தபால் வருகிற நேரத்தில் என்னால் நாற்காலியில் உட்கார முடிந்ததில்லை. மூன்று நினைவூட்டுகள் அனுப்பினேன். மாதிரி ஒன்று வேண்டும் என்றார்கள். கூம்பைச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினேன். வழியெல்லாம் லாரி முக்கிக்கொண்டு போவதை நினைத்துக்கொண்டே இருந்தேன். உரிய படிவம் இல்லை என்று அது திரும்பி வந்தது. படிவத்தோடு மறுபடி போனது. ஜமால் பாய் வாரம் ஒருமுறை டீக்கடையில், “பதில் வந்துச்சுங்களா?” என்பார். பிறகு தலையை மட்டும் அசைப்பார். அப்புறம் அதுவும் நின்றது. ஒருநாள் கடைப் பலகை இறங்கியிருந்தது. குடும்பத்தோடு ஓசூருக்குப் போய் ஏதோ தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். சொந்தக் கடை வைத்திருந்தவர் இனி சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் வெளியே வர வேண்டும்.

சென்னையின் பதில் இரண்டரை ஆண்டுகள் கழித்து வந்தது. ‘மாதிரியின் மின்மறுப்பு எட்டு ஓம்.’ அதற்குள் என் தகுதிகாண் பருவம் முடிந்து, பதவி உயர்வும் வந்திருந்தது. பதிவேட்டில் யார் பதினாறு என்று எழுதியது என எவரும் கேட்கவில்லை. ஜமால் மீதான உத்தரவை ரத்து செய்ய வைத்து, நகலை ஓசூருக்கு அனுப்பி, கோப்பை முடித்தேன். கோப்பு முடிந்தது. நான் மட்டும் பழையபடி தபால் நேரத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு அடுத்த வாரம் ஓர் இன்லண்டு லெட்டர் வாங்கி, எண் போடாமல், பொருள் பார்வை எதுவும் எழுதாமல், நான்காம் நாளே திருப்பிப் பார்த்துவிட்டேன் என்று ஜமால் பாய்க்கு எழுதினேன்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது. இன்லண்டு லெட்டர் என்றால் என் பேத்திக்கு என்னவென்று தெரியாது. அந்த மரப்பெட்டிகள், கூம்புகள், என் முத்து எழுத்திருந்த பதிவேடு எல்லாம் ஏதோ ஒரு கழிவு ஏலத்தில் போயிருக்கும். முறைப்படி போயிருக்கும் என்று நம்புகிறேன். மிஞ்சியிருப்பது என் பெட்டியில் உள்ள ஒரு போஸ்ட் கார்டு மட்டும். ஐந்து மாதம் கழித்து வந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன்.

‘சார், நாலு ஹாரன்ல ஒண்ணுல மட்டும் தூசி தொடச்சிருந்துச்சு. கட்டை விரல் அகலம். கம்பி எடுக்க வந்த அன்னைக்கே பாத்துட்டேன். நீங்களே எழுதுவீங்கன்னு இருந்தேன். இப்ப எழுதிட்டீங்க. ஷகிலா சலாம் சொல்லச் சொன்னா.’

என்ன செய்வதென்று தெரியாமல், கைப்பழக்கத்தில் பேனாவை எடுத்துக் கார்டின் மூலையில் வரப்பெற்ற நாளைக் குறித்தேன்: 17.3.1988, வியாழக்கிழமை.