நாற்காலி இழுத்த சத்தத்துக்கு ஓர் அடிக்குறிப்பு

பாலிடெக்னிக்கில் கட்டடவியல் பாடம் எடுக்கும் டீச்சருக்கு நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டம் வாங்க ஆசை வந்தது. அடுக்குமாடியில் ஒரு வீட்டுச் சத்தம் இன்னொரு வீட்டுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் ஆராய்ச்சி. வகுப்பறைக் கூச்சலிலேயே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு அகப்படாது என்று கணவர் கேலி செய்தார்.

பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த வழிகாட்டிக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘யார் சார்.’ எழுதிக் கொடுப்பதை வரி விடாமல் படிப்பார். படித்துவிட்டு ஓரத்தில் பச்சை மையில் ‘யார்?’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுவார். யார் சொன்னது, யார் அளந்தது, யார் பார்த்தது, இதில் எதைக் கேட்கிறார் என்று எழுதியவர்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். டீச்சரின் முதல் அத்தியாயம் திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் புல் முளைத்த மாதிரி இருந்தது. ‘அனைவரும் அறிந்ததே’ என்று ஆரம்பித்த வாக்கியத்துக்கு மட்டும் இரண்டு ‘யார்?’

அன்று வீட்டில் டீச்சர் புலம்பித் தீர்த்தார். பதினெட்டு வருஷமாக வகுப்பில் சொல்லி வருவதற்கு இன்றைக்குப் போய்ச் சாட்சி கேட்டால் எங்கே போவது? ஆனால் புலம்பி முடித்ததும் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு ‘யாரு’க்கும் ஆளைத் தேடினார். சிலதுக்குக் கட்டுரை கிடைத்தது, ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் சேர்த்துக் குறித்தார். சிலதுக்குத் தலைகீழாக நின்றும் ஒன்றும் கிடைக்கவில்லை, மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்த வரிகளை அடித்தார். அத்தியாயம் பாதியாக இளைத்துப்போனது. மிச்சம் இருந்ததை யார் உலுக்கினாலும் விழாது என்று உள்ளூர ஒரு தெம்பும் வந்தது.

ஒரே ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது. ‘அடுக்குமாடிகளில் சத்தத்தால் வரும் சண்டைகளில் பாதிக்கு மேல் நாற்காலி இழுப்பதால் வருபவை.’ எல்லாக் கல்லூரிகளிலும் பாடமாக இருக்கும் தடிப் புத்தகத்தில் உள்ள வரி அது. அந்தப் புத்தகத்தின் பெயரைப் போட்டு எடுத்துப் போனார்.

யார் சார் கேட்டார்: “இவரு எண்ணிப் பாத்தாரா?”

“புத்தகத்துல போட்டிருக்கே சார்.”

“போட்டிருக்கு. அவருக்கு யார் சொன்னா? மூலத்தைப் பாத்துட்டு எழுதுங்கம்மா. அது கிடைக்கலன்னா, இன்னார் சொன்னதா இன்னார் எழுதியிருக்கார்னு உள்ளதை உள்ளபடி எழுதுங்க. பாக்காததைப் பாத்த மாதிரி மட்டும் எழுதாதீங்க.”

தடிப் புத்தகத்தின் அடிக்குறிப்பு ஒரு கருத்தரங்கத் தொகுப்பைக் கை காட்டியது. நூலகத்தின் பின்னறையில் உடைந்த மேசைகளுக்கு அடியிலிருந்து நூலகர் தும்மித் தும்மி அதை எடுத்துக் கொடுத்தார். தொகுப்பில் ‘பாதிக்கு மேல்’ என்று இல்லை, ‘ஏறக்குறையப் பாதி’ என்றுதான் இருந்தது. அது கை காட்டிய இடம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் போட்டு நச்சரித்ததில் அறிக்கையைக் கோணல்மாணலாக ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். அதில் ‘பாதி’யே கிடையாது, வெறும் ‘பல சண்டைகள்’தான். கை மாற மாறக் கணக்கு கொழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

அறிக்கையின் அடிக்குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: ‘தனிப்பட்ட உரையாடல், செயலாளர், குடியிருப்போர் சங்கம்.’ பக்கத்திலேயே குடியிருப்பின் பெயர். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். தினமும் வண்டியை உள்ளே விடும்போது கேட்டுக்கு மேலே பார்க்கிற அதே பெயர். அவர் குடியிருக்கிற கட்டடம்.

சங்கச் செயலாளர் முதல் மாடிக்காரர். இன்சூரன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட் பக்கத்தில் வாரம் தவறாமல் ஏதாவது ஒட்டிவைப்பதால் ‘நோட்டீஸ் சார்’ என்று பெயர். டீச்சர் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. யாரோ ஒருவர் வந்து இங்கே என்ன சண்டை வருகிறது என்று விசாரித்ததும், தான் நாற்காலிதான் காரணம் என்று அடித்துச் சொன்னதும் நன்றாக ஞாபகம் இருந்தது.

“எல்லா வீட்லயும் கேட்டுட்டா சார் சொன்னீங்க?”

“எதுக்குக் கேக்கணும்? என் தலைக்கு மேலதானே இழுத்தாங்க.”

அவர் தலைக்கு மேலே இருப்பது டீச்சரின் வீடு.

“யாரோட சண்டை சார்?” என்று டீச்சர் குரலைத் தணித்துக் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரரோடதான். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. அவர் சொல்லலையா?”

அவர் சொல்லவில்லை. பிடித்து உலுக்கிய பிறகுதான் சொன்னார். பல்பு மாற்றுவதற்காக அறை அறையாக நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாராம். கீழேயிருந்து நோட்டீஸ் சார் வந்து கத்தினாராம், இவரும் பதிலுக்குக் கத்தினாராம், அதோடு சரியாம். தன் வீட்டுக்காரர் பல்பு மாற்றிய கதையைத்தான் இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம் என்று நினைத்தபோது டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் யார் சாரிடம் போய் ஒப்பித்தார். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து அந்தத் துறையில் ஒருவரும் பார்த்ததில்லை. பிறகு, “யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இனி எத்தனைன்னு நீங்களே பாத்துடுங்க” என்றார்.

டீச்சர் ஊரில் இருக்கிற அடுக்குமாடிகளை எல்லாம் ஏறி இறங்கினார். சண்டையைப் பற்றிக் கேட்டால் ஜனங்கள் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துச் சொன்னார்கள். சண்டைக்கான காரணங்களில் முதலிடத்தில் நின்றது தண்ணீர் மோட்டார். அடுத்தது அறைந்து சாத்துகிற கதவு. நாற்காலி எங்கேயோ பின்னால் கிடந்தது.

இதைக் கேள்விப்பட்ட நோட்டீஸ் சாருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனாலும், தான் சொன்னது தப்பு என்று எழுதினாலும் பரவாயில்லை, தன் பெயர் மட்டும் விட்டுப்போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டீச்சருக்கும் அது நியாயமாகப் பட்டது. சம்மதம் வாங்கிக்கொண்டு, அவர் வாயில் தொடங்கித் தடிப் புத்தகம் வரை அந்த வரி நடந்து வந்த பாதையைப் பக்க எண்களோடு எழுதினார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தடிப் புத்தகத்தை எழுதியவரேதான். அவர் அந்த வரியின் பாதை எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து வைத்து, அடிக்குறிப்புகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். யார் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் தொகுப்பை நான் பிரிச்சே பாக்கலம்மா,” என்றார் தேர்வாளர் கடைசியில். “வேற ஒருத்தர் கட்டுரையில பாத்து எழுதிட்டேன். அடுத்த பதிப்புல திருத்திடறேன். யாரைக் குறிப்பிடணும்?”

“என்னைத்தான் சார்,” என்று டீச்சர் வெட்கப்படாமல் சொன்னார்.

பட்டம் கிடைத்தது. சொன்னபடி புதிய பதிப்பும் வந்தது. மோட்டார் முதலிடத்தில் இருந்தது, அடியில் டீச்சரின் பெயரும் ஆய்வேட்டின் பெயரும் பிழையில்லாமல் இருந்தன. பக்க எண்தான் தப்பு. புத்தகக்காரர் போட்டிருந்த எண்ணுக்கு ஆய்வேட்டைப் புரட்டினால் சண்டைக் கணக்கு அட்டவணை இல்லை, நன்றியுரை இருந்தது. ஆய்வுக் காலத்தில் துணி மடித்துவைத்து, மற்ற எல்லாவற்றையும் குழப்பிவைத்த கணவருக்கு நன்றி என்று எழுதியிருந்த பக்கம். டீச்சர் அன்றே திருத்தம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். கணவர் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, நோட்டீஸ் சாரின் அனுமதியோடு, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார்.