கேன் தண்ணீர் குடித்த பச்சைப்பயறு

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மாதத்துக்கும் மேலாக நான் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் என் வீட்டுத் தண்ணீர், செடிகள் என் மகளின் செடிகள். இதில் என்ன தப்பு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். என் வாய் அப்படி.

மகள் பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய உயிரியல் டீச்சர் பரிணாமத்தைப் புத்தகத்தில் படித்து ஒப்பிப்பதை ஒத்துக்கொள்ள மாட்டார், கையால் செய்து பார்க்க வேண்டும் என்பார். வாலாஜாபாத் பக்கத்து விவசாயிகளிடமும் மளிகைக் கடைகளிலுமாகப் பச்சைப்பயறு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். பாதியை விதைத்து, உப்பு கரைத்த தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். நிறையச் செடிகள் செத்துப்போகும். தாங்கிப் பிழைத்தவை காய்த்தால், அந்த விதையை எடுத்து மறுபடி விதைக்க வேண்டும். மீதிப் பாதிப் பழைய பயறையும் பக்கத்திலேயே விதைத்து, இரண்டுக்கும் அதே உப்புத் தண்ணீர். பிழைத்ததன் பிள்ளைகள் பழையதைவிட நன்றாகத் தாங்கினால், இயற்கைத் தேர்வு என்பது இதுதான் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இவ்வளவு விளக்கமாக இப்போது சொல்கிறேனே தவிர, அன்றைக்கு அவள் சொன்னதில் பாதிகூட என் காதில் ஏறவில்லை. ஒரகடம் பக்கம் செல்போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. லைனில் வரும் பாகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். ராத்திரியெல்லாம் அதைச் செய்துவிட்டுக் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், என் பெயரே எனக்கு இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான் கேட்கும்.

நான் வரும் நேரத்தில் அவள் பள்ளிக்குப் போயிருப்பாள். அவள் அப்பா ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு படப்பைக்குப் போயிருப்பார். யூனிஃபார்மைத் துவைத்துக் காயப்போட மாடிக்குப் போவேன். அங்கே கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாகப் பைகள், பைகளில் தலை தொங்கிய பயறுச் செடிகள். எங்கள் மனைப்பிரிவில் போர் தண்ணீரே உப்பு, சோப்பு நுரைக்காது. அது போதாதென்று இந்தப் பெண் கல்லுப்பை வேறு கரைத்து ஊற்றுகிறாள். மனசு கேட்கவில்லை. கீழே போய், குடிக்க வாங்கி வைத்திருந்த கேனிலிருந்து ஒரு பக்கெட் பிடித்து வந்து, ரொம்ப வாடியதாகப் பார்த்து, பையின் அடியில் வழிகிற வரை மக்கால் ஊற்றினேன். சாயங்காலம் எழுந்து பார்த்தால் எல்லாம் தலையைத் தூக்கியிருந்தன. அப்புறம் அது தினசரி வேலையாகிவிட்டது. கேன் சீக்கிரம் தீருகிறதே என்று கணவர் கேட்டதற்கு, வெயில் காலத்தில் மனுஷர்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்களா என்று அவரையே மடக்கினேன்.

வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிகம் செடிகள் பிழைத்தன. காய் கறுத்து, வெடிக்கிற பக்குவத்தில் பறித்து, உதிர்த்து ஒரு டப்பாவில் வைத்தாள். காஞ்சிபுரத்தில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு அவள் பெயரை டீச்சர் எழுதிக்கொண்டார். நான் லைனில் பக்கத்து இருக்கைப் பெண்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். என் கைராசி என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வேறு.

இரண்டாவது விதைப்பு நேரத்தில் எனக்குக் காலை ஷிஃப்ட் விழுந்தது. இருட்டோடு கிளம்புவேன், திரும்பி வந்தால் அவள் மாடியில் உட்கார்ந்திருப்பாள். ஊற்ற வழியில்லை. முதல் தடவையே பிழைத்ததன் வாரிசுதானே, தாங்கிக்கொள்ளும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாங்கவில்லை. பழைய பயறு எப்படிச் செத்ததோ அப்படியே அவளுடைய டப்பாப் பயறும் செத்தது. மற்ற பிள்ளைகளுடையது கொஞ்சமாவது தேறி நின்றது.

ஒருநாள் வந்து பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து அழுதாள்.

"இன்னாடி ஆச்சு?"

"நான் மொதல் வாட்டி உப்பே போடலயாம். சும்மா நல்ல தண்ணி ஊத்திட்டு, போட்டேன்னு எழுதிக்கினேனாம். எல்லார் முன்னாடியும் டீச்சர் கேக்கறாங்க. கண்காட்சிக்கு வேற பொண்ணாம்."

அந்த நிமிஷமே வாயைத் திறந்திருக்க வேண்டும். "அழாதடி, வுடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றுதான் வந்தது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். குழம்பில் உப்பு குறைவு என்று சொன்ன கணவர்மேல் எரிந்து விழுந்தேன். அவள் அழுததற்கு நான்தான் காரணம் என்று தெரிந்தே அவளுக்குத் தலை பின்னிவிட்டேன்.

மூன்றாம் நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, யூனிஃபார்மோடு பள்ளிக்குப் போனேன். மகளிடம் சொல்லவில்லை. டீச்சர் பொறுமையாகத்தான் கேட்டார். கேன் தண்ணீர், மக், வாடிய செடி, எதையும் விடாமல் ஒப்பித்தேன்.

"உங்க பாசம் புரியுதும்மா. ஆனா போன மாசம் அவளுக்கு காய்ச்சல்னு போன் பண்ணி லீவு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அன்னிக்குத்தான் காதுகுத்துல பட்டுப்பாவாடையோட அவ நிக்கிற போட்டோ உங்க ஸ்டேட்டஸ்ல இருந்துச்சு."

மகளுக்காக எத்தனை தடவை இப்படி அளந்துவிட்டிருக்கிறேன். வீட்டுப்பாடம் செய்யாத அன்றைக்கு வயிற்றுவலி, தாமதமாகப் போன அன்றைக்கு ஆட்டோ ரிப்பேர். உண்மையைச் சொல்ல வந்த அன்றைக்கு, அதுவும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது.

நான் வந்து போனதை டீச்சர் அவளிடம் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"நெஜமா ஊத்துனியாமா? இல்ல எனக்கோசரம் டீச்சராண்ட சொன்னியா?"

"நெஜமாத்தான்டி. சத்தியமா."

"நீ எல்லாத்துக்கும்தான் சத்தியம் பண்ற."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அவள் சொன்னது சரி.

"கம்பெனில கீறல் வுழுந்தத இப்டித்தான் தொடச்சி நல்லதுல போட்டு அனுப்புவியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவளே வழி கண்டுபிடித்தாள். டீச்சரிடம் மிச்சமிருந்த கலப்புப் பயறை வாங்கி வந்தாள். இரண்டு வரிசைப் பைகள். இரண்டுக்கும் அவள் உப்புத் தண்ணீர் ஊற்றுவாள். வலது வரிசைக்கு மட்டும், நான் சொன்னபடி, காலையில் கேன் தண்ணீரை ஊற்ற வேண்டும். நான் சொன்னது உண்மையென்றால் அந்த வரிசை முதல் தடவை மாதிரியே பிழைக்கும். "இந்தப் பக்கத்த மட்டும் தொடக் கூடாது" என்று இடது வரிசையைக் காட்டினாள். எனக்கு மறுபடியும் நைட் ஷிஃப்ட்.

ஊற்றாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. வலது பக்கம் வழிய வழிய ஊற்றிக்கொண்டிருப்பேன், முழங்கை அளவு தள்ளி இடது பக்கம் இலை சுருண்டுகொண்டிருக்கும். மக்கில் மிச்சத் தண்ணீர் இருக்கும். அதைக் குழாயடியில் கொட்டிவிட்டுப் படியிறங்குவேன். தூக்கம் வராது. பச்சைப்பயறுக்காக அழுகிற பைத்தியக்காரி உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனேன். வலது வரிசை பச்சென்று நின்றது. இடது வரிசை காய்ந்து சாய்ந்து கிடந்தது. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நெஜமாத்தான் ஊத்திக்கீற" என்றாள்.

மகள் என்னை நம்பிவிட்டாள். கண்காட்சிக்கு வேறு பெண் போய்வந்து, பரிசும் வாங்கி முடிந்திருந்தது. அதற்கு நான் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

அவள் இடது வரிசைப் பக்கம் உட்கார்ந்து, செத்த செடிகளைக் கையால் விலக்கினாள். ஓரத்தில் ஒன்று குட்டையாக, இலை சிறுத்து, ஆனால் நிமிர்ந்து நின்றது.

"இத்த பாரு. யாரும் ஒண்ணும் ஊத்தல. தானே பொழச்சிக்கிச்சு."

"ஆமாண்டி."

"போன வாட்டியும் இப்டி ரெண்டு மூணு இருந்திருக்கும்மா. நீ எல்லாத்தையும் காப்பாத்திட்ட. அது எதுன்னே தெரியாம போச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். டீச்சருக்கு விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். காய்ச்சல் என்று நான் போன் பண்ணிய நாளெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. பக்கெட்டையும் மக்கையும் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.