ஏலக்காய் அறையில் காய்ந்த நைலான்

நல்ல பொருளைச் செய்து காட்டிவிட்டால், செய்தவனை யாரும் வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். முனைவர் பட்டமும் முன்வழுக்கையும் வாங்கிய பிறகும் நம்பினேன் என்பதுதான் கேவலம்.

தேனிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஒப்பந்த ஆராய்ச்சியாளன். நூற்பாலைகள் தூக்கிப்போடும் உடைந்த நைலான் பல்சக்கரங்களை அரைத்து, உருக்கி, மறுபடி சக்கரமாக வார்ப்பது என் வேலை. ஏதாவது ஒரு மில் ‘இதை வாங்கிக்கொள்கிறோம்’ என்று எழுதிக்கொடுத்தால் ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சின்னமனூர் சாலையில் ஒரு மில் மாட்டிப் பார்க்கச் சம்மதித்தது.

நைலான் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். காயவைக்காமல் உருக்கினால் சக்கரத்தின் பல் முறுக்கு மாதிரி ஒடியும். சரியாக அந்த வாரம் பார்த்து எங்கள் லேபில் காயவைக்கும் அடுப்பு செத்துப்போனது. புதிதுக்கு எழுதிப்போட்டால், அது வருவதற்குள் நான் கிழவனாகிவிடுவேன். பதறிப்போய், அரைத்த நைலானைச் சாக்கில் கட்டிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே என் மனைவியின் அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஏலக்காய் உலர்த்தும் அறை இருக்கிறது.

மச்சான் சாக்கை முகர்ந்து பார்த்தார்.

“மாப்ள, இந்த வாடை காயில ஏறுச்சுன்னா ஏலத்துல ஒருத்தரும் கை வைக்க மாட்டாக. பெறகு நானும் ஒங்ககூட அந்தக் காலேசுக்குத்தான் வரணும்.”

காய் எடுப்பு இல்லாத வாரமாகப் பார்த்து அறையை விட்டுக்கொடுத்தார். ஏலக்காய்ச் சூடு நைலானுக்குப் போதாது என்பதால் நாள்கணக்கில் கிடத்தினேன். காய்ந்தது. லேபுக்குக் கொண்டுவந்து வார்த்த சக்கரமும் நன்றாகவே வந்தது. வார்த்த சக்கரங்களை மச்சான் கொடுத்த பழைய ஏலக்காய்ச் சாக்கில் கட்டிவைத்த அறிவாளியும் நானேதான்.

அவிழ்த்தபோது கமகமவென்றிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் வைத்தேன். வாசம் அசையவில்லை. மில்காரர்கள் மோந்தால் எங்கே காயவைத்தாய் என்று கேட்பார்கள், கேட்டால் உளறுவேன், உளறினால் வேலை போகும். இப்படியே கலங்கி, பிரியாணிக் கடை போடுவது பற்றி மனைவியிடம் பேசினேன். எனக்கு உப்புப் போடவே தெரியாது என்றாள்.

மில் ஃபோர்மேன் சக்கரத்தைக் கையில் எடுத்ததுமே மூக்கைச் சுருக்கினார். “என்னா சார், பாயாசத்துல போட்டு எடுத்தீகளா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சக்கரம் மாதக்கணக்கில் ஓடியது. சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மில்லுக்குள் எட்டிப்பார்ப்பேன். ஆராய்ச்சியாளன் என்றால் கண்காணிப்பு முக்கியம் அல்லவா. ஒரு பல்கூட ஒடியவில்லை. எனக்கு மிதப்பு வந்துவிட்டது. ஃபோர்மேனுக்கு வடை வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் தலைக்குமேல் ‘பூமியைக் காப்போம்’ என்று ஒரு பெரிய படம்.

“ஒங்க சக்கரத்துல ஒரு கொறையும் சொல்ல முடியாது சார். ஆனா பழைய பிளாஸ்டிக்குல செஞ்சத மாட்டுனா வாரண்டி கெடையாதுன்னு மெஷின் கம்பெனிக்காரக சொல்லிட்டாக. நான் எழுதித் தர முடியாது.”

ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் புதுச் சக்கரம் மாட்டினார்கள். கல்லூரி என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அந்த ஆண்டு மாணவர் சேர்க்கை விளம்பரத்தில் சக்கரத்தின் படத்தைப் போட்டுக்கொண்டார்கள்.