லயத்துக் கதவுகளுக்குள் ஒரே குரல்

இன்று காலை ஆறாம் வகுப்பில் ஒரு மாணவிகூட இல்லை!

பசறைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலை. நானும் சங்கீதாவும் அங்கே விஞ்ஞானப் பயிற்சி ஆசிரியைகள். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. (பிள்ளைகளைவிட எங்களுக்குத்தான் பயம் அதிகம்!)

இன்று மாணவிகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். பின்னாளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் காக்கும் ஊசி.

பையன்கள் மட்டும் வந்திருந்தார்கள். கேட்டால் தரையைப் பார்த்தார்கள்.

ஊசி போட வந்த நர்ஸ் அவசரப்படுத்தினார்.

"போய் கூட்டிட்டு வாங்க டீச்சர். இன்டர்வல் வரைக்கும்தான் நிப்போம். அடுத்த ஸ்கூலுக்குப் போகணும்."

இருவரும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினோம். அப்படி ஒரு பனி! பக்கத்தில் வந்த சங்கீதாவின் முகமே சரியாகத் தெரியவில்லை.

எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. வேலைக்குப் பெயர் கொடுக்கக் காலையிலேயே பெரட்டுக்குப் போயிருக்க வேண்டிய பெண்களின் செருப்புகள் வாசலிலேயே கிடந்தன. நாய்கூடக் குரைக்கவில்லை.

முதல் கதவைத் தட்டக் கை தூக்கினேன். உள்ளே யாரோ மெதுவாகப் பேசினார்கள்.

"சயன்ஸ் டீச்சர் சங்கீதா பேசுறேன். இந்த ஊசி போட்டா பொம்பளப் புள்ளைங்களுக்குக் குழந்தை தங்காது..."

அடுத்த கதவு. அதே குரல். அதற்கடுத்த கதவிலும்!

திரும்பிப் பார்த்தேன். சங்கீதா வெளுத்துப்போய் நின்றாள்.

"ஐயோ, இது என் வாய்ஸ்டி! நம்ம பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புல 'இப்பிடிச் சொல்றாங்களே, உண்மையா சேர்'னு வாய்ஸ் போட்டுக் கேட்டேன்ல? நமக்கு ட்ரெயினிங் குடுக்கிற சேர்கூட பொய்னு சொன்னாரே! யாரோ பாதிய வெட்டி அனுப்பிட்டாங்கடி!"

(எங்கள் குரூப்பில் சந்தேகமாக இருந்தது, லயத்துக்கு வரும்போது விஞ்ஞானமாகிவிட்டது!)

அவள் அழாத குறையாக யமுனா வீட்டுக் கதவைத் தட்டினாள். யமுனா எங்கள் வகுப்பில் முதல் பெஞ்ச்.

"அக்கா, தொறங்க! நான்தான் சங்கீதா டீச்சர். அது நான் கேட்ட சந்தேகம்க்கா. ஊசியால அப்பிடி ஒண்ணும் ஆகாது. கேன்சர் வராம இருக்கத்தான் போடுறாங்க!"

உள்ளே குரல் நின்றது.

கீழே நர்ஸ் வந்த வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

"அம்மா, டீச்சர் மாதிரியே பேசுதும்மா..." என்றாள் யமுனா.

"கிட்டப் போகாத!"

சங்கீதா மறுபடியும் தட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கம் யமுனாவின் அம்மா நடுங்கிக்கொண்டே கேட்டார்:

"சங்கீதா டீச்சர் சொன்னது எங்க போன்ல இருக்கு. நீ யாரு?"